நவச்சாரமும் சாதாரண உப்பும்: புனலுக்கடியில் குறையும் எடை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அம்மோனியம் குளோரைடு எனப்படும் நவச்சாரத்தையும் சாதாரண உப்பான சோடியம் குளோரைடையும் கலந்து பீங்கான் கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் ஒரு புனலைக் கவிழ்த்து, புனலின் தண்டைப் பஞ்சால் தளர அடைத்துச் சூடேற்றுவது, வேதியியல் பயில்வோர் தொடக்கத்திலேயே செய்துபார்க்கும் ஆய்வுகளுள் ஒன்று. வெண்புகை எழுகிறது, புனலின் உட்சுவரில் வெள்ளைப் படிவு சேர்கிறது, கிண்ணத்தில் உப்பு தங்கிவிடுகிறது. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆய்வு ஒருபோதும் தோற்பதில்லை. தராசில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது.

இங்கே ஆராயப்படும் நிகழ்வு அந்தச் சிக்கலே. கணக்கை எளிதாகப் பின்தொடரும் பொருட்டு, 2.00 கிராம் நவச்சாரமும் 3.00 கிராம் உப்பும் சேர்ந்த 5.00 கிராம் கலவையை எடுத்துக்கொள்வோம். சூடேற்றி ஆறவைத்தபின் புனலிலிருந்து சுரண்டி எடுத்த படிவு 1.70 கிராமும் கிண்ணத்து எச்சம் 3.12 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள் என்றாலும், இத்தகைய முடிவுகள் ஆய்வகத்தில் வழக்கமாகவே காணக்கூடியவை. படிவையும் எச்சத்தையும் கூட்டினால் 4.82 கிராம்தான் வருகிறது. படிவின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் கலவையில் நவச்சாரம் 34 சதவீதம். எச்சத்தின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் 37.6 சதவீதம், உண்மையோ 40 சதவீதம். ஒரே ஆய்விலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கின்றன, இரண்டுமே பிழையானவை. எச்சத்தில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் மெல்லச் சூடாக்கினால் அம்மோனியாவின் நெடி எழுகிறது. பிரிந்துவிட்டதாகக் கருதப்பட்ட உப்புக்குள் நவச்சாரம் இன்னமும் இருக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

ஆகவே விளக்க வேண்டியவை இரண்டு. புனலுக்குப் போய்ச் சேராமல் காணாமற்போன எடை எங்கே சென்றது என்பது ஒன்று. உப்பைவிட மிக எளிதில் ஆவியாகும் பொருள் ஏன் முழுவதும் வெளியேறவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை, நவச்சாரம் சூட்டில் என்ன ஆகிறது என்பதைச் சரியாக அறிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. அது உருகாமல் ஆவியாகிறது என்று மட்டும் அறிந்தவர், சுடரை எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எதை நம்பி எடை போடுவது என்ற ஒவ்வொரு முடிவிலும் ஊகத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

சூட்டில் நடப்பது

நவச்சாரத்தின் திண்மத்தில் அம்மோனியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் அணிவகுத்து நிற்கின்றன. சூடேறும்போது அம்மோனியம் அயனி தன்னிடமுள்ள ஒரு புரோட்டானைக் குளோரைடு அயனிக்கு அளித்துவிடுகிறது. விளைவாக அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் இரண்டு வாயுக்கள் தனித்தனியே வெளியேறுகின்றன. குளிர்ந்த சுவரை அடைந்ததும் இவ்விரண்டும் மீண்டும் இணைந்து நவச்சாரமாகப் படிகின்றன. அயோடின் படிகத்தைச் சூடாக்கும்போது திண்மத்திலிருந்த அதே மூலக்கூறுகள் ஆவியிலும் இருக்கின்றன. நவச்சாரத்தின் ஆவியிலோ நவச்சார மூலக்கூறு என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே வகையில் சேர்த்துக் கற்பிப்பது தொடக்கநிலைக்குப் போதுமானதாக இருக்கலாம். எடை போடத் தொடங்கிய பிறகு போதாது.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேதியியலின் அடிப்படையையே அசைத்த ஒரு கேள்வி. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன என்ற, இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோவின் 1811 ஆம் ஆண்டுக் கருதுகோளின்படி, நவச்சார ஆவி ஹைட்ரஜனைப்போல் 26.7 மடங்கு அடர்த்தி உடையதாக இருக்க வேண்டும். அளந்தபோது அதில் ஏறத்தாழப் பாதியே வந்தது. கருதுகோள் தவறு என்பதற்கு இதையே சான்றாகக் காட்டியவர்களும் இருந்தனர். ஆவி இரண்டாகப் பிரிந்திருந்தால் பாதி அடர்த்திதான் வரவேண்டும் என்று இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ உள்ளிட்டோர் மறுமொழி கூறினர். 1862 இல் வேதியியலாளர் லியோபோல்ட் ஃபான் பேபல், நவச்சார ஆவியைக் கல்நார் அடைப்பின் வழியே ஊடுருவவிட்டு, அடைப்பைக் கடந்து வந்த பகுதியில் அம்மோனியாவும் பின்தங்கிய பகுதியில் ஹைட்ரஜன் குளோரைடும் மிகுந்திருப்பதை, காரத்தில் நீலமாகவும் அமிலத்தில் சிவப்பாகவும் மாறும் லிட்மஸைக் கொண்டு காட்டினார். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, ஹைட்ரஜன் குளோரைடின் மூலக்கூறு எடை 36.5. ஆகவே இலேசான அம்மோனியா ஏறத்தாழ 1.46 மடங்கு விரைவாகப் பரவும். ஒரே பொருளாக இருந்திருந்தால் அடைப்பின் இருபுறமும் இப்படி வேறுபட்டிருக்க வழியில்லை.

பேபல் கண்டது இன்றும் நம் புனலின் தண்டிலேயே நிகழ்கிறது. பஞ்சடைப்புக்கு மேலே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தால், புகை கண்ணுக்குத் தெரியும் முன்பே அது நீலமாக மாறக்கூடும். அவ்வாறு முந்திக்கொண்டு தப்பிய ஒவ்வொரு பங்கு அம்மோனியாவுக்கும் ஈடான ஹைட்ரஜன் குளோரைடு, இணையில்லாமல் உள்ளே தங்கிப் பின்னர் தானும் வெளியேறுகிறது. காணாமற்போன 0.18 கிராமின் ஒரு பகுதி இவ்வழியே சென்றது.

எடை இழப்பின் பெரும்பகுதி

மேற்சொன்ன வழியில் போவது சிறு பகுதியே. பெரும்பகுதி புகையாகவே போகிறது. அதன் அளவை உணர்ந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போதும். 2.00 கிராம் நவச்சாரம் 0.0374 மோல். அது பிரிந்தால் 0.0748 மோல் வாயு. நவச்சாரத்தின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தை எட்டும் வெப்பநிலை 338 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பநிலையில் இவ்வளவு வாயு ஏறத்தாழ 3.7 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் சிறு புனலின் உட்கொள்ளளவு 100 மில்லிலிட்டரை ஒட்டியது. அதாவது புனல் முப்பது முறைக்கு மேல் நிரம்பி வழியும் அளவு வாயு அதற்குள் எழுந்து, சுவரைத் தொட்டு, இணைந்து, திண்மமாக வேண்டும். மெதுவாக எழுந்தால் சுவரிலேயே படிகம் வளர்ந்து கெட்டியான படலமாக ஒட்டிக்கொள்கிறது. வேகமாக எழுந்தால் இரு வாயுக்களும் சுவரை எட்டும் முன் நடுவெளியிலேயே குளிர்ந்து இணைந்து, மிக நுண்ணிய துகள்களாகிப் புகையாக மிதக்கின்றன. அந்தத் துகள்கள் சுவரில் ஒட்டாமல் சூடான காற்றோட்டத்துடன் தண்டின் வழியாகவும் புனலின் விளிம்புக்கடியிலும் நழுவிவிடுகின்றன. பஞ்சு அவற்றுள் சிலவற்றைத் தடுக்கும். ஆனால் பஞ்சை இறுக அடைக்கவும் கூடாது. அடைத்தால் உள்ளழுத்தம் புனலைத் தூக்கி விளிம்பின் வழியே மேலும் புகையை வெளியேற்றும்.

சுடரை உயர்த்துவதால் நேரம் மிச்சமாகும் என்ற எண்ணம் இங்கே நேர்மாறாகச் செயல்படுகிறது. 338 டிகிரியை எட்ட வேண்டிய தேவையே இல்லை. நவச்சாரத்தின் ஆவியழுத்தம் 160 டிகிரியில் 1 மில்லிமீட்டர் பாதரசம், 210 டிகிரியில் 10 மில்லிமீட்டர், 271 டிகிரியை ஒட்டி 100 மில்லிமீட்டர் என்று ஏறுகிறது. 250 முதல் 280 டிகிரி வரையிலான மிதமான சூட்டில், பொறுமையாக, புனலை ஈரத்துணியால் குளிர்வித்தபடி செய்தால் படிவு அடர்த்தியாகவும் இழப்பு குறைவாகவும் இருக்கும். துணியிலிருந்து நீர் சொட்டிச் சூடான பீங்கானில் விழாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். உப்பின் பக்கமிருந்து அச்சப்பட ஒன்றுமில்லை: சோடியம் குளோரைடு 801 டிகிரியில்தான் உருகுகிறது, அதன் ஆவியழுத்தம் 1 மில்லிமீட்டரை எட்டுவது 865 டிகிரியில். ஒரே ஆவியழுத்தத்தை எட்டுவதில் இரு பொருள்களுக்கும் இடையே 700 டிகிரி இடைவெளி இருக்கும்போது, அவசரப்படுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எச்சத்தில் தங்கிய நவச்சாரம்

இத்தனை பெரிய இடைவெளி இருந்தும் எச்சத்தில் 0.12 கிராம் நவச்சாரம் ஏன் தங்கியது? இதற்கு முதற்காரணம் வெப்பத் தேவை. ஒரு மோல் நவச்சாரத்தை இரு வாயுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 176 கிலோஜூல் வேண்டும். 2 கிராமுக்கு அது 6.6 கிலோஜூல், கொதிநிலையில் உள்ள 2 கிராம் நீரை ஆவியாக்க வேண்டியது 4.5 கிலோஜூல்தான். இவ்வளவு வெப்பமும் தளர்ந்த தூளின் வழியாக, அதாவது வெப்பத்தைச் சரிவரக் கடத்தாத ஒரு படுகையின் வழியாக, அடியிலிருந்து மேலே செல்ல வேண்டும். சுடரைத் தொடும் அடிப்பகுதி நன்கு சூடாகும்போதும் நடுவிலுள்ள நவச்சாரம் பிரிந்து வெப்பத்தை உண்டுகொண்டே இருப்பதால் அப்பகுதி நெடுநேரம் சூடேறாமல் இருக்கும். அடியில் எழும் வாயுக்கள் மேலடுக்கின் குளிர்ந்த உப்புத் துகள்களின்மேல் மீண்டும் நவச்சாரமாகப் படிவதும் உண்டு. அவ்வாறு படிந்தது துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து ஓடுபோன்ற கெட்டியான ஒரு படலத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டுக்குள் அகப்பட்டதுதான் பின்னர் அம்மோனியா நெடியாக வெளிப்படுகிறது.

பரிகாரம் எளிமையானது, ஆனால் பெரும்பாலும் தவிர்க்கப்படுவது. புகை நின்றதும் ஆறவிட்டு, புனலை அகற்றி, எச்சத்தைக் கண்ணாடிக் கோலால் உடைத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, மறுபடியும் சூடாக்கி எடைபோட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை இதைத் தொடர வேண்டும். புகை நின்றுவிட்டது என்பதை முடிவுக்கான அடையாளமாகக் கொள்வதுதான் இந்த ஆய்வில் அடிக்கடி நேரும் தவறு என்பது என் கருத்து. எடை நிலைத்தபின், எச்சத்தில் சிறிதளவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் சூடாக்கி, குழாயின் வாயில் படாமல் பிடித்த ஈரச் சிவப்பு லிட்மஸ் நிறம் மாறாதிருப்பதைக் காண வேண்டும். வெள்ளி நைட்ரேட் சோதனை இங்கே எதற்கும் உதவாது. இரண்டு பொருள்களிலும் குளோரைடு இருப்பதால் இரண்டுமே ஒரே வெண்ணிற வீழ்படிவைத் தரும்.

எடை நிலைத்த எச்சத்திலும் ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. உப்புப் படிகங்களுக்குள் சிறைப்பட்ட நீர்த்துளிகள் சூட்டில் ஆவியாகி வெடிப்பதால், உப்பு படபடவென்று தெறிக்கும். தெறித்த துகள் கிண்ணத்துக்கு வெளியே விழுந்தால் எச்சத்தின் எடை குறைந்து, அக்குறைவு நவச்சாரத்தின் கணக்கில் ஏறிவிடும். புனலில் ஒட்டினால் படிவு மாசடையும். கலவையை முதலில் நன்றாக அரைத்து உலர்த்திவிட்டால் இது பெரிதும் தணியும். உலர்த்துவதும் கவனத்துடன் செய்ய வேண்டியது. ஈரமான நவச்சாரத்தைச் சூடான அடுப்பில் வைத்தால் அது அம்மோனியாவைச் சிறிது சிறிதாக இழந்து அமிலத்தன்மை பெறும். அறை வெப்பநிலையிலேயே உலர்த்துங்கலத்தில் வைப்பது பாதுகாப்பான வழி.

படிவின் தூய்மையை அறிய, எடையறிந்த ஒரு பகுதியை வெறுங்கிண்ணத்தில் முழுவதும் ஆவியாக்கி, எஞ்சுவதை எடைபோட்டுப் பார்ப்பதே சிறந்தது. சுடர்ச் சோதனையில் தோன்றும் மஞ்சள் நிறத்தை நம்புவது தகாது. சோடியத்தின் தடம் எங்கும் இருப்பதால் அது மாசில்லாத பொருளிலும் மஞ்சளைக் காட்டிவிடும். படிவே மஞ்சளாகத் தெரிந்தால் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். ஃபெரிக் குளோரைடும் சூட்டில் ஆவியாகி உடன் செல்லக்கூடியது. இரும்பு, செம்புக் கலன்களைத் தவிர்த்துப் பீங்கானையே கொள்ளச் சொல்வதற்கும் காரணம் இதுவே: சூடான நவச்சாரம் உலோக ஆக்சைடுகளைத் தாக்கிக் குளோரைடுகளாக்கும். உலோகங்களைப் பற்றவைக்கும் முன் மேற்பரப்பைத் தூய்மையாக்க அது பயன்படுவதும் இதே பண்பினால்தான்.

எழும் வாயுக்கள் இரண்டுமே கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்துபவை, அவை இணைந்து உண்டாகும் புகையும் அவ்வாறே. இந்த ஆய்வைப் புகைவெளியேற்றும் கூண்டுக்குள் செய்ய வேண்டும்.

நீர்வழிப் பிரிப்பு

சூட்டை விடுத்து நீரைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. இரண்டுமே நீரில் நன்கு கரைபவை என்பதால் வடிகட்டிப் பிரிக்க இயலாது என்று அதைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் கரைதிறன் அட்டவணையை உற்றுநோக்கினால் வேறொரு வழி திறக்கிறது. 100 கிராம் நீரில் கரையும் நவச்சாரம் 0 டிகிரியில் 29.4 கிராம், 20 டிகிரியில் 37.2 கிராம், 60 டிகிரியில் 55.3 கிராம், 100 டிகிரியில் 77.3 கிராம். உப்போ 0 டிகிரியில் 35.7 கிராமும் 100 டிகிரியில் 39.2 கிராமும் மட்டுமே கரைகிறது. 20 டிகிரியை ஒட்டி இரண்டும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. அங்கே பிரிக்க முயல்வது வீண். சூடான நிலையில் நீரை வற்றவைத்தால் உப்பு முந்திப் படிகிறது. அதைச் சூடாகவே வடித்துவிட்டு, வடிநீரைக் குளிர்வித்தால் நவச்சாரம் முந்திப் படிகிறது. எஞ்சிய தாய்க்கரைசலை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் சேர்ந்த கரைசலில் மேற்கண்ட எண்கள் அப்படியே பொருந்துவதில்லை என்பதை மறக்கலாகாது. குளோரைடு இரண்டுக்கும் பொது அயனி. ஒன்றின் இருப்பு மற்றதன் கரைதிறனைக் குறைக்கிறது. ஆனால் போக்கு மாறுவதில்லை. படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று எளிதில் கலந்துவிடாததும் இங்கே துணைசெய்கிறது. அமைப்பு வேறுபடுவதே இதற்குக் காரணம்: அறை வெப்பநிலையில் நவச்சாரத்தின் அணிக்கோவையில் ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எட்டு எதிரயனிகள், உப்பில் ஆறுதான். சூட்டுவழி போலவே நீர்வழியிலும் அம்மோனியா தப்பிப்பது உண்டு. நவச்சாரக் கரைசல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது, 0.1 மோலார் கரைசலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.1. நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் அம்மோனியா வெளியேறி அமிலத்தன்மை மேலும் கூடும். சிறிது அம்மோனியாக் கரைசலைச் சேர்த்து அதை ஈடுசெய்யலாம்.

தொழிலளவில் இதே பொது அயனி விளைவின்மேல் நிற்பதுதான் சீன வேதிப்பொறியாளர் ஹௌ தபாங் வகுத்த சோடா தயாரிப்பு முறை. உப்பு, அம்மோனியா, கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றிலிருந்து சோடியம் பைகார்பனேட்டைப் படியவைத்த பிறகு எஞ்சும் கரைசலில் நவச்சாரம் மிகுந்திருக்கும். சோடா தயாரிப்பின் மற்றொரு முறையான சால்வே முறையில் அதைச் சுண்ணாம்புடன் வினைப்படுத்தி அம்மோனியாவை மீட்டெடுப்பார்கள். குளோரைடு முழுவதும் கால்சியம் குளோரைடாகக் கழிந்துவிடும். ஹௌ முறையில் அக்கரைசலில் அம்மோனியாவைச் செலுத்திக் குளிர்வித்து, மேலும் உப்பைச் சேர்க்கிறார்கள். உப்பு கரையக் கரைய நவச்சாரம் படிந்து பிரிகிறது. அது உரமாகப் பயன்படுகிறது. உப்பு மிகுந்த கரைசல் மீண்டும் முதற்கட்டத்துக்குத் திரும்புகிறது. ஆய்வகத்தில் பிரிக்க அரிதாகத் தோன்றும் அதே இணையை, ஒன்றைக் கொண்டே மற்றதை வெளித்தள்ளிப் பிரிக்கும் அந்த ஏற்பாடு என்னை எப்போதும் வியக்கவைக்கிறது.

அளவறிதல்

நோக்கம் பிரித்தெடுப்பதா, விகிதத்தை அறிவதா என்பதைப் பொறுத்து வழி மாறும். விகிதம் மட்டும் வேண்டுமெனில் பிரிக்கத் தேவையே இல்லை. கலவையில் 0.500 கிராமை எடுத்து மிகையான சோடியம் ஹைட்ராக்சைடுடன் கொதிக்கவைத்து, வெளிவரும் அம்மோனியாவை அளவறிந்த அமிலத்தில் பிடித்து, மீந்த அமிலத்தைத் தரம்பார்க்கலாம், அதாவது செறிவறிந்த காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட கலவையில் அந்த 0.500 கிராமில் 0.200 கிராம் நவச்சாரம் இருக்கும், அது 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37.4 மில்லிலிட்டரை நடுநிலையாக்கும். வசதியாக அளக்கத்தக்க பருமன் அது. வாலைவடிக்கும் கருவி இல்லாவிட்டால், நடுநிலையாக்கிய ஃபார்மால்டிஹைடு கரைசலைச் சேர்த்து, அம்மோனியம் அயனி விடுவிக்கும் அமிலத்தைப் பினாப்தலீன் நிறங்காட்டியுடன் நேரடியாகத் தரம்பார்ப்பதும் உண்டு.

மொத்தக் குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் அளந்து, அதிலிருந்து விகிதத்தைக் கணக்கிடும் மறைமுக வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். நவச்சாரத்தில் குளோரின் 66.28 சதவீதம், உப்பில் 60.66 சதவீதம், இடைவெளி 5.62 மட்டுமே. ஆகவே குளோரைடு அளவீட்டில் நேரும் 0.1 சதவீதப் புள்ளிப் பிழை, நவச்சாரத்தின் விகிதத்தில் ஏறத்தாழ 1.8 சதவீதப் புள்ளிப் பிழையாகப் பெருகிவிடும்.

பொருள்களைத் தனித்தனியே கையில் எடுக்க வேண்டும் என்றால் புனல்முறை போதுமானது. ஆனால் அதன் படிவைக் கொண்டு விகிதத்தைக் கணக்கிடக் கூடாது. படிவு எப்போதும் குறைத்தே சொல்லும். நிலையான எடை வரும்வரை சூடாக்கப்பட்டு, அம்மோனியா சோதனையில் தேறிய எச்சத்தின் எடையையே கொள்ள வேண்டும். மேற்கண்ட நிகழ்வில் 3.12 கிராம் எச்சத்தை உடைத்துப் பரப்பி மறுபடியும் சூடாக்கினால், தெறிப்பு நேராதவரை, அது 3.00 கிராமில் வந்து நிற்கும். விடையும் 40 சதவீதமாகும். 1.70 கிராம் படிவைக் குறிப்பேட்டில் தனியாகப் பதிந்து, அந்த 2.00 கிராமுக்கு எதிரே வைத்தால் மீட்பு 85 சதவீதம். உடைத்த எச்சத்தைப் புனலின்றிச் சூடாக்கியிருந்தால், மீதி 0.30 கிராமில் 0.12 கிராம் அந்த இரண்டாம் சூட்டில் வெளியேறியது என்றும், 0.18 கிராம் முதற்சூட்டிலேயே புகையாகப் போனது என்றும் பிரித்து எழுதலாம்.